பழைய மரமும் கைமாறிய இயந்திரமும்: குமரி – திருவனந்தபுரம் கடற்கரையில் பயன்படுத்திய வெளிப்பொருத்து இயந்திரத் தேர்வு – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தென்மேற்குக் கடற்கரையின் மரபுவழி மீன்பிடிக் கலங்கள் இயந்திரம் பெற்ற வரலாறு, புதிய இயந்திரங்களின் எண்ணிக்கையையும் அரசு மானியத்தையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறிய பழைய இயந்திரம் அவ்வரலாற்றில் இடம்பெறவில்லை. சிறு கலம் வைத்திருந்த மீனவர் எத்தகைய பழைய இயந்திரத்தை நம்பத்தக்கதாகக் கருத முடிந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நம்பகத்தன்மை என்பது இயந்திரத்தின் பெயரிலோ வயதிலோ மட்டும் அமைந்ததன்று. கலத்தின் வடிவமும் எரிபொருளும் கரையின் இயல்பும் அதனை உருவாக்கின என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: வெளிப்பொருத்து இயந்திரம், கட்டுமரம், வள்ளம், மண்ணெண்ணெய், முட்டம், நாட்டுப்படகு, பழுதுபார்ப்பு.

முன்னுரை

2010ஆம் ஆண்டின் கடல் மீன்வளக் கணக்கெடுப்பு, இந்தியக் கடற்கரையில் மீன்பிடியில் ஈடுபட்ட கலங்களை 1,94,490 எனக் காட்டுகிறது. அவற்றுள் விசைப்படகுகள் 72,559. இயந்திரம் பொருத்தப்பட்ட மரபுவழிக் கலங்கள் 71,313. இயந்திரம் இல்லாதவை 50,618. நடுவிலுள்ள எண்ணே இங்குக் கருதத்தக்கது. துடுப்பையும் பாயையும் நம்பியிருந்த கலங்களில் ஒரு பெரும் பகுதி, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்துக்குள் இயந்திரத்துக்கு மாறிவிட்டதை அது உணர்த்துகிறது. ஆயின் அந்த 71,313 கலங்களில் எத்தனை புதிய இயந்திரத்துடன் ஓடின, எத்தனை பிறர் ஓட்டிக் கழித்த இயந்திரத்துடன் ஓடின என்ற பகுப்பு அக்கணக்கெடுப்பின் வெளியான அட்டவணைகளில் இல்லை. மானியப் பதிவேடுகளும் இவ்வினாவுக்கு விடை தருவன அல்ல. மானியம் புதிய இயந்திரத்துக்கு உரியது. பழைய இயந்திரம் கைமாறுவது இரண்டு குடும்பங்களுக்கும் ஒரு தரகருக்கும் இடையே கடற்கரையிலேயே முடிந்துபோகும் செயல்.

எழுத்துச் சான்று அரிதான இடத்தில் பொருளையே சான்றாகக் கொள்வது வரலாற்றாய்வில் புதிய முறையன்று. இயந்திரத்தின் உலோகமும் அதன் தேய்மானமும் கலத்தின் வடிவமும் சேர்ந்து, வாங்குவோர் எதைப் பார்த்திருக்க வேண்டும் என்பதைப் பெருமளவு உறுதியாகச் சொல்கின்றன.

கலைச்சொல் குறித்து ஒன்று கூறவேண்டும். தமிழக மீன்வளத் துறையின் வழக்கில் இது 'வெளிப்பொருத்து இயந்திரம்'. இலங்கைத் தமிழில் 'வெளியிணைப்பு இயந்திரம்'. கரையில் வழங்கும் சொல் 'எஞ்சின்' என்பதே. கலத்தின் உடலுக்குள் நிலையாகப் பதிக்கப்படும் உட்பொருத்து இயந்திரத்திலிருந்து இதனை வேறுபடுத்துவது, வேண்டும்போது கழற்றி எடுத்துச்செல்ல இயலும் என்ற பண்பாகும். கைமாறும் வாய்ப்பும் இப்பண்பிலேயே அடங்கியுள்ளது. கலத்தை விற்காமல் இயந்திரத்தை மட்டும் விற்கலாம்.

பழைய படகுக்கெனப் பிறந்த இயந்திரம்

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், மில்வாக்கி நகரில் 1909ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரம் 1.5 குதிரைத்திறன் கொண்டது. எடை 62 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 28 கிலோ. அவருக்குச் சற்று முன்னரே கேமரன் வாட்டர்மன் இத்தகைய இயந்திரத்தை விற்றிருந்தார். எனினும் பரவலான வணிகப் பொருளாக அதனை ஆக்கியவர் எவின்ரூட் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இவ்விருவரின் இயந்திரங்களும் புதிய படகுக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஏற்கெனவே துடுப்பால் ஓடிக்கொண்டிருந்த படகின் பின்பலகையில் மாட்டுவதற்காகவே அவை உருவாயின. பழைய படகுக்கு இயந்திரம் பொருத்துவது வெளிப்பொருத்து இயந்திரத்தின் இடைக்காலப் பயன் அன்று. அதன் தோற்றக் காரணமே அதுதான்.

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகியவற்றுக்கிடையே ஏற்பட்ட ஒப்பந்தத்தின் பயனாகக் கொல்லத்தை அடுத்த நீண்டகரை – சக்திகுளங்கரைப் பகுதியில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியபோது, உள்ளூர்க் கலங்களில் இயந்திரத்தைப் பொருத்திப்பார்க்கும் முயற்சியே முதலில் மேற்கொள்ளப்பட்டது. அம்முயற்சி வெற்றிபெறவில்லை. பின்னர்த் திட்டம் புதிய வடிவப் படகுகளை நோக்கித் திரும்பியது. உட்பொருத்து டீசல் இயந்திரம், அதைத் தொடர்ந்து இறாலுக்கான இழுவைமடி என அதன் போக்கு வேறாயிற்று. நார்வே நாட்டவர் ஒருவர் பழைய படகுக்கெனச் செய்த இயந்திரம் உலகெங்கும் பரவி நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னர், நார்வே நாட்டுத் திட்டம் பழைய படகைக் கைவிட்டது. கட்டுமரமும் வள்ளமும் மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் துடுப்பையும் பாயையும் நம்பியே இருந்தன.

1960இல் யமாஹா நிறுவனமும் 1965இல் சுசூகி நிறுவனமும் தத்தம் முதல் வெளிப்பொருத்து இயந்திரங்களை வெளியிட்டன. 1980களின் தொடக்கத்தில் தென்மேற்குக் கடற்கரையில் வேகமாகப் பரவியவை பெரும்பாலும் இத்தகைய சப்பானியச் சிறு இயந்திரங்களே. இழுவைப்படகுகள் கரையோர நீரில் மீனைத் தேய்த்தமை, மரபுவழி மீனவரை மேலும் தொலைவு செல்லத் தூண்டியது. கேரளத்தில் 1980இலும் தமிழகத்தில் 1983இலும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்கள் வந்தன. எனினும் சட்டத்தைவிட இயந்திரம் விரைவாகப் பரவியது எனலாம். விருப்பத்தால் நிகழ்ந்த மாற்றம் என்பதைவிட, போட்டியால் திணிக்கப்பட்ட மாற்றம் என்று கொள்வதே பொருந்தும்.

பின்பலகை இல்லாத கலம்

வெளிப்பொருத்து இயந்திரத்தின் பிடிப்பானுக்குத் தட்டையான, செங்குத்தான ஒரு பின்பலகை தேவை. கட்டுமரத்தில் அது இல்லை. செதுக்கிய மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை அது. கடலிலிருந்து திரும்பியதும் கட்டு அவிழ்த்து மணலில் காயவைக்கப்படுவது. இருமுனையும் கூர்ந்த வள்ளத்திலும் பின்பலகைக்கு இடமில்லை. எனவே கட்டுமரத்தின் பின்புறத்தில் மரச்சட்டம் கட்டியும், வள்ளத்தின் பின்பகுதியில் பக்கவாட்டில் சட்டம் நிறுத்தியும் இயந்திரம் மாட்டப்பட்டது.

இதன் விளைவு இயந்திரத் தேர்விலேயே வெளிப்பட்டது. இயந்திரங்கள் தண்டின் நீளத்தால் இருவகைப்படும்: ஏறத்தாழ 15 அங்குல உயரத்துக்கான குறுந்தண்டு, 20 அங்குலத்துக்கான நெடுந்தண்டு. சுழல்விசிறிக்கு மேலுள்ள தட்டு, கலத்தின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே அமைய வேண்டும். அது மேலேறினால் விசிறி காற்றை உறிஞ்சி வெற்றாகச் சுழலும். ஆழ்ந்தால் இழுவிசை கூடி எரிபொருள் வீணாகும். பக்கவாட்டில் மாட்டிய இயந்திரம், கலம் சாயும்போதெல்லாம் நீருக்கு மேலே எழும் இயல்புடையது. எழும் கணத்தில் சுமை நீங்கி இயந்திரம் வரம்பு மீறிச் சுழல்கிறது. குளிர்விக்கும் நீரும் ஒரு கணம் தடைப்படுகிறது. பக்கச் சட்டத்தில் ஓடிய இயந்திரம், பின்பலகையில் ஓடிய அதே வயதுடைய இயந்திரத்தைவிட மிகுதியாகத் தேய்ந்திருக்கும். ஆகவே 'எத்தனை ஆண்டு ஓடியது' என்னும் வினாவுக்கு முன்னர் 'எந்தக் கலத்தில் ஓடியது' என்னும் வினா நிற்கிறது.

கலமும் பழையது என்பதை மறக்கலாகாது. தைத்தோ ஆணி அறைந்தோ இணைத்த பலகைகள் துடுப்பின் மென்மையான விசைக்கெனச் செய்யப்பட்டவை. இயந்திர அதிர்வு இணைப்புகளைத் தளர்த்தி நீர்க்கசிவை உண்டாக்கியது. அதற்கும் மேலாகக் கலத்தின் வடிவம் ஓர் எல்லையை விதிக்கிறது. நீரை இடம்பெயர்த்து ஓடும் கலத்தின் பயனுள்ள வேகம், அதன் நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கக் கிடைக்கும் அளவை ஒட்டியது என்பது கப்பல் கட்டுமானத்தின் பழைய விதி. 25 அடி நீர்க்கோடு உடைய வள்ளத்துக்கு அது 6.7 கடல்மைல் வேகமாகும். இவ்வெல்லையை நெருங்கியபின் கூட்டப்படும் குதிரைத்திறன் பெரும்பகுதி அலையை எழுப்பவே செலவாகிறது. அடிப்பாகம் பழுதற்ற 8 குதிரைத்திறன் பழைய இயந்திரம், அத்தகைய கலத்துக்கு 25 குதிரைத்திறன் இயந்திரத்தைவிடப் பொருத்தமானதாக இருந்திருக்க இயலும். எனினும் கரையில் நிகழ்ந்த போட்டி எதிர்த்திசையிலேயே சென்றது. முதலில் சந்தைக்குச் சென்றடைபவர்க்கே விலை என்னும் நிலையில், வடிவவியல் விதி எடுபடாமற் போனதில் வியப்பில்லை.

குமரி மாவட்டத்து முட்டத்தில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் ஆதரவில் இயங்கிய படகு கட்டும் நிலையம், இச்சிக்கலை மறுமுனையிலிருந்து அணுகியது. பெருமரங்கள் அரிதாகி விலையேறிய சூழலில், ஒட்டுப்பலகையால் கரையேற்றத்துக்கு ஏற்ற கலங்களை அது உருவாக்கியது. அப்பணியில் ஈடுபட்ட பெல்ஜிய நாட்டவர் பியர் ஜில்லே 1985இல் வெளியிட்ட நூல், சிறு படகுத் தொழில்நுட்பத்தைக் கைமாற்றுவதில் நேர்ந்த இடர்ப்பாடுகளையே தன் தலைப்பாகக் கொண்டது. இயந்திரத்துக்கு ஏற்பக் கலத்தை மாற்ற இயன்றவர் ஒட்டுப்பலகைக் கலத்துக்குச் சென்றார். அதற்கு வழியற்றவர் பழைய மரத்துக்கு ஏற்ற பழைய இயந்திரத்தைத் தேட வேண்டியிருந்தது.

மண்ணெண்ணெயும் தேய்மானத்தின் வாசிப்பும்

ஈரடிச்சுழற்சி இயந்திரத்தில் உட்புகும் எரிபொருளில் ஒரு பங்கு எரியாமலே வெளியேறுகிறது. சில நிலைகளில் அது கால் பங்கையும் எட்டும். ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் செலவாகும் எரிபொருள், டீசல் இயந்திரத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பெட்ரோல் விலையில் இது கட்டுப்படியாகாது. ஆகவே மண்ணெண்ணெய் இக்கரையின் எரிபொருளாயிற்று. மண்ணெண்ணெயின் இடிப்புத்தடைத் திறன் குறைவு. அதற்கென அமைந்த இயந்திரத்தில் அழுத்த விகிதம் குறைக்கப்பட்டிருக்கும். பெட்ரோலில் முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெட்ரோலுக்குத் திரும்புவது அதன் ஒழுங்கு. பெட்ரோல் இயந்திரத்தை மாற்றமின்றி மண்ணெண்ணெயில் ஓட்டினால் இடிப்பு எழுந்து உந்துதண்டின் தலை சிதையும்.

பழைய இயந்திரத்தைச் சோதிக்கும் உலகப் பொதுமுறை, ஒவ்வோர் உருளையின் அழுத்தத்தையும் அளவியால் அளப்பதாகும். உருளைகளுக்கிடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். அளவி இல்லாதவிடத்து முடுக்குக் கயிற்றை மெல்ல இழுத்துக் கை உணரும் தடையைக்கொண்டு கணிப்பதுண்டு. ஆனால் இக்கரையில் குறைந்த அழுத்தம் ஒரே பொருளைத் தருவதில்லை. மண்ணெண்ணெய்ப் புகைக்கரி உந்துதண்டு வளையங்களை அவற்றின் பள்ளத்திலேயே ஒட்டவைக்கும். அப்போதும் அழுத்தம் குறையும். கரியை நீக்கினால் அவ்வியந்திரம் மீளக்கூடும். உருளைச் சுவரே கீறப்பட்டிருந்தால் மீளாது. முன்னதை அறிந்து குறைந்த விலைக்கு வாங்குவது திறமை. பின்னதை முன்னதாகக் கருதி வாங்குவது இழப்பு. அமெரிக்க ஏரியொன்றில் ஓய்வுப் பொழுதுக்கென ஓடிய இயந்திரத்துக்கு எழுதப்பட்ட கையேட்டை அப்படியே இங்குப் பயன்படுத்த இயலாமைக்கு இது ஒரு சான்று.

ஓட்ட நேரமும் அத்தகையதே. ஆண்டுக்கு 200 நாள், நாளொன்றுக்கு 4 மணி எனக் கொண்டால், தொழில்புரியும் இயந்திரம் ஆண்டுக்கு 800 மணி ஓடுகிறது. வார இறுதியில் மட்டும் ஓடும் இயந்திரம் அதை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். சிறு இயந்திரங்களில் மணிக்கணிப்பான் இருப்பதில்லை. ஆகவே காலம் பிற அடையாளங்களில் வாசிக்கப்பட வேண்டியதாயிற்று.

அவ்வடையாளங்களுள் தெளிவானது பற்சக்கரப் பேழையின் எண்ணெய். அடித்திருகைத் தளர்த்தியதும் வெளிவரும் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் கடல்நீர் புகுந்துள்ளது. உலோகத் துகள் மின்னினால் பற்கள் தேய்ந்துள்ளன. இச்சோதனைக்கு ஒரு திருப்புளியே போதும், ஒரு நிமிடமே செல்லும். அடுத்தது, இயந்திரத்தின் பக்கத்தில் பீறிட்டு வரும் குளிர்நீர்த் தாரை. மணற்கரையில் கலத்தைத் தள்ளி இறக்கும்போது உறிஞ்சப்படும் மணல், நீரேற்றியின் இரப்பர்ச் சக்கரத்தைத் தின்கிறது. தாரை மெலிந்திருந்தால் சக்கரத்தை மாற்றிச் சரிசெய்யலாம். மாற்றியபின்னும் மெலிந்தே வந்தால் உள்வழிகள் உப்பால் அடைபட்டுள்ளன எனக் கொள்ள வேண்டும். சிறிய பழைய வகைகளில் விசிறியைத் தண்டோடு இணைக்கும் மென்மையான உலோக ஊசி, பாறையிலோ மணலிலோ மோதும்போது தானே முறிந்து பற்சக்கரத்தைக் காக்கும். அவ்விடத்தில் ஓர் இரும்பாணி செருகப்பட்டிருப்பின், முறிய வேண்டிய அதிர்ச்சிகளையெல்லாம் பற்கள் ஏற்றிருக்கும்.

புதிதாகப் பூசிய வண்ணம் பெரும்பாலும் நல்லறிகுறியன்று. தான் அரிக்கப்பட்டு ஏனைய உலோகத்தைக் காக்க வேண்டிய துத்தநாகக் கட்டியின்மீதும் வண்ணம் பூசப்பட்டிருந்தால், பூசியவர் இயந்திரத்தை அறியாதவர் அல்லது விற்பதற்காகவே பூசியவர். வாங்குவோர் வருமுன் இயந்திரத்தை ஓட்டிச் சூடேற்றி வைப்பதும் விற்போர் கையாளும் முறை. குளிர்ந்த நிலையில் முடுக்க மறுக்கும் குறை அதனால் மறைகிறது. பேச்சைத் தொடங்குமுன் உருளைத் தலையைக் கையால் தொட்டுப் பார்ப்பவர் இதனை உடனே கண்டுகொள்வார்.

எடையும் சோதனையின் ஒரு பகுதியே. துறைமுகமற்ற கரைகளில் ஒவ்வொரு நாளும் இயந்திரத்தைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்கோ கொட்டகைக்கோ கொண்டுசெல்ல வேண்டும். எவின்ரூட்டின் முதல் இயந்திரத்தின் 28 கிலோவும், எண்பதுகளில் பரவிய 8 குதிரைத்திறன் ஈரடிச்சுழற்சி இயந்திரத்தின் எடையும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு மனிதன் தனியே சுமக்கும் அளவு அது. எரிபொருள் சிக்கனத்தில் மேம்பட்ட நாலடிச்சுழற்சி இயந்திரம் இக்கரையில் மெல்லவே பரவியதற்கு விலையோடு இந்த எடையும் காரணம் எனக் கொள்ள இடமுண்டு.

பணிமனை, பங்கு, கடன்

ஓர் இயந்திரத்தின் பெயருக்கு மதிப்பு உண்டாவது அதன் உதிரிபாகம் கிடைக்கும் தொலைவைப் பொறுத்தே. எவின்ரூட், ஜான்சன் ஆகிய இரு பெயர்களையும் உடைமையாகக் கொண்டிருந்த அமெரிக்க நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலாயிற்று. பிறிதொரு நிறுவனம் அவற்றை வாங்கியபோதும், 2020இல் எவின்ரூட் உற்பத்தி நிறுத்தப்பட்டது. தொழில்நுட்பத் தரத்தில் எக்குறையும் இல்லாத இயந்திரம், உதிரிபாகம் அற்றுப்போவதால் பழைய இரும்பாகிவிடும். இக்கரையில் 1980இல் திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்டு உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, இயந்திரங்களைத் தருவித்ததோடு பழுதுபார்க்கும் பணிமனைகளையும் நடத்தியது. பணிமனைக்கு அருகிலுள்ள ஊரில் பத்தாண்டு பழகிய இயந்திரம் நம்பத்தக்கது. பணிமனை இல்லாத ஊரில் ஈராண்டு பழகியதும் ஐயத்துக்குரியது. 'சிறந்த இயந்திரம் எது' என்ற வினா இங்குப் பாதி புவியியல் வினாவாகிறது.

மற்றொரு பாதி கடன் சார்ந்தது. மீன்பாட்டில் தொழிலாளர்க்கும் கலத்துக்கும் வலைக்கும் பங்கு பிரிவதுபோல் இயந்திரத்துக்கும் பங்கு பிரிகிறது. இயந்திரம் நின்றுபோன நாளில் அப்பங்கு மட்டுமன்றி, கலத்திலிருந்த அனைவரின் பங்கும் இல்லாமற்போகிறது. வாங்கப் பணம் கொடுத்த தரகருக்கு, பிடிபடும் மீனை விற்கும் உரிமையும் அதன்மீதான தரகும் உரியன. கடன் தீரும்வரை மீனவர் வேறிடத்தில் விற்க இயலாது. எனவே மலிவான பழைய இயந்திரம் அடிக்கடி பழுதாகுமாயின், விலையில் மிச்சப்பட்டதைவிட மிகுதியான கடனில் அவரை நிறுத்தும். கடலின் நடுவே நின்றால் இழப்பு பணத்தளவில் நிற்பதில்லை. தொலைகடல் தூண்டில் தொழிலுக்குச் செல்லும் வள்ளங்கள் கூடுதலாக ஓர் இயந்திரத்தையும் ஏற்றிச் சென்றமை இதனாலேயே. அவ்விரண்டாவது இயந்திரம் பெரும்பாலும் வேகத்துக்காக அன்று, கரை திரும்புவதற்காக. பழைய இயந்திரத்துக்கு இக்கரையில் கிடைத்த மதிப்பான இடங்களுள் அது ஒன்று.

அரசின் எரிபொருள் கொள்கை இச்சந்தையை எதிர்பாராத வகையில் தொட்டது. கேரளத்தில் மானிய விலை மண்ணெண்ணெய்க்கான அனுமதிச்சீட்டு, இயந்திரத்தை நேரில் சரிபார்த்தே வழங்கப்பட்டது. குறிப்பிட்ட வயதைக் கடந்த இயந்திரம் அதற்குத் தகுதி இழந்தது. நன்கு ஓடும் நிலையிலேயே ஓர் இயந்திரத்தின் விலை அந்த எல்லைக்குப்பின் சரியும் நிலை இதனால் உண்டாயிற்று. சரிந்த விலையில் அதை வாங்க முன்வருபவர், மானிய எண்ணெய் கிடைக்காதவராகவே தொழில் செய்ய வேண்டும். ஏழை மீனவரை நோக்கிய மானியம், அவர்களுள்ளும் ஏழையாக இருந்து பழைய இயந்திரத்தை வாங்கியவரை விட்டுவிட்டது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை, இயந்திரங்களைக் கலங்களோடு சேர்த்தும், கொட்டகைகளிலிருந்தும் அடித்துச்சென்றது. கடல்நீரில் மூழ்கிய இயந்திரம் உடனே இறந்துவிடுவதில்லை. வெளியே எடுத்தபின் காற்றுப் படும்போதே சுழல்தண்டின் தாங்கிகளில் அரிப்பு விரைகிறது. எடுத்த சில மணி நேரத்துக்குள் நன்னீரால் கழுவி, உருளைகளில் எண்ணெய் இட்டு, கழற்றித் துடைத்தால் பெரும்பாலும் பிழைக்கும். உடல்களைத் தேடிக்கொண்டிருந்த நாள்களில் அதைச் செய்வார் அரிது. மணலுக்கடியில் கிடந்து வாரங்களுக்குப்பின் மீட்கப்பட்டவையும், பின்னர்ப் பழுதுபார்த்து ஓட்டப்பட்டவையும், நிவாரணமாக வந்த புதியவையும் அடுத்த ஆண்டுகளில் ஒரே கரையில் கலந்து நின்றன. வெளித்தோற்றத்தில் அவற்றைப் பிரித்தறிய முடியாது. விசிறியை அகற்றிச் சுழல்தண்டைக் கையால் மெல்லச் சுற்றும்போது, தாங்கிக்குள் மணலரைவது போன்ற ஒரு மெல்லிய உரசல் மட்டும் விரல்களுக்குத் தட்டுப்படும்.